அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களிடம் ஆட்டிசத்தைத் தேடுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

46 வயது மனிதர் ஒருவர். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை. பராமரிப்பு இல்லத்தில் பல வருடங்களாக இருக்கிறார். தினமும் காலையில் ஜன்னலோரம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கயிற்றுத் துண்டை விரல்களுக்கு நடுவே சுழற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர்கள் அந்த நாற்காலியை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்று அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். தடுக்கப் போனவரின் கையைக் கடித்தார். பதிவேட்டில் ஏறியது: "காரணமில்லாத ஆக்ரோஷம்." அடுத்த வாரம் மாத்திரையின் அளவு கூடியது. நாற்காலியைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இவரைப் போன்றவர்கள் எல்லா இல்லங்களிலும் இருக்கிறார்கள். "அவருக்கு மூளை வளர்ச்சி குறைவு, அதனால்தான் அப்படி" என்ற ஒரு பேச்சு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. முதலில் கொடுத்த நோய்ப்பெயரின் நிழல் விழுந்து மற்றது கண்ணுக்குத் தெரியாமல் போவதை 1982-லேயே ஆய்வாளர்கள் பெயர் வைத்துச் சுட்டிக்காட்டினார்கள். இவர்களிடம் ஆட்டிசம் கண்ணில் படாமல் போக இன்னொரு காரணம் வயது. மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்தது 1943-இல். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-இல் அது தனி நோயறிதலாக இடம்பிடித்தது 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான். இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய மருத்துவர்களே அரிது.

ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து வருவது அபூர்வமும் அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-ஆம் ஆண்டுக்காக எடுத்த கணக்கில், ஆட்டிசம் உள்ள 8 வயதுக் குழந்தைகளில் அறிவுத்திறன் விவரம் கிடைத்தவர்களை எடுத்துக்கொண்டால், 37.9 விழுக்காட்டினருக்கு அறிவுசார் குறைபாடும் இருந்தது. இதே சேர்க்கையோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள், பெயர் மட்டும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வழிகாட்டி இல்லப் பணியாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள், உளவியலாளர்கள், குடும்பத்தினர் எல்லோருக்குமானது.

1. ஸ்கிரீனிங் என்பது சல்லடை, தீர்ப்பு அல்ல

ஸ்கிரீனிங்கில் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: இவரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டுமா, வேண்டாமா. "ஆட்டிசம் இருக்கிறது" என்று சொல்ல அனுபவமுள்ள மருத்துவரோ உளவியலாளரோ, முடிந்தால் ஒரு குழுவோ, நேரில் பார்த்துப் பேசிச் செய்யும் மதிப்பீடு வேண்டும். ஒரு படிவத்தின் மதிப்பெண்ணை வைத்துக் கோப்பில் "ஆட்டிசம்" என்று எழுதிவிடாதீர்கள். அதைப் பிறகு அழிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

2. யாரைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நல்ல தொடக்கம். மிதமான அல்லது கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவரிடம், அவரை நன்கு அறிந்த ஒருவர் சொல்வதை வைத்து, கீழ்க்கண்டவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்புவதை யோசிக்கலாம் என்கிறது:

- மற்றவர்களோடு கொடுக்கல்வாங்கலாகப் பழகுவதில் சிரமம்: ஒதுங்கியிருப்பது, தேவைக்கு மட்டும் அணுகுவது, ஒருபக்கமாகவே பழகுவது
- பிறர் கூப்பிட்டாலோ சிரித்தாலோ அதற்கேற்ற எதிர்வினை இல்லாமை
- இடமும் சூழலும் மாறினாலும் நடந்துகொள்ளும் விதம் மாறாமை
- பிறர் அழும்போதோ வலியில் இருக்கும்போதோ அக்கறை காட்டுவது குறைவு
- கறாரான வழக்கங்கள், மாற்றத்துக்கு எதிர்ப்பு
- ஆடுவது, கை உதறுவது போலத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், முக்கியமாகப் பதற்றத்திலும் உணர்ச்சி மேலிடும்போதும்

இந்தப் பட்டியலோடு இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லோர்னா விங், ஜூடித் கூல்ட் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் செய்து 1979-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசத் தன்மை உள்ளவர்கள் பழகும் விதம் மூன்று வகையாகத் தெரிந்தது: ஒதுங்கிப் போகிறவர்கள், யாராவது அணுகினால் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு தானாக எதுவும் தொடங்காதவர்கள், தானே வலியப் பழகினாலும் அந்தப் பழக்கம் விசித்திரமாக இருப்பவர்கள். முதல் வகையினரை எல்லோரும் கவனித்துவிடுவோம். இரண்டாம் வகையினருக்கு இல்லங்களில் "சமர்த்து, தொந்தரவே இல்லை" என்று பெயர். மூன்றாம் வகையினர் வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியை நாற்பது முறை கேட்பார்கள். "எல்லோரிடமும் நன்றாகப் பழகுவார்" என்று எழுதிவிடுவோம். என் பார்வையில், அதிகமாகத் தவறவிடப்படுவது இந்த இரண்டு வகையினர்தான்.

3. படிவத்தைத் தொடும் முன் உடம்பைப் பாருங்கள்

கூப்பிட்டால் திரும்பாதவருக்குக் காது கேட்கிறதா? காதில் அழுக்கு அடைத்திருந்தாலே பாதி எதிர்வினை போய்விடும். முகத்தைப் பார்க்காதவருக்குக் கண் தெரிகிறதா, கண்ணாடி கடைசியாக எப்போது மாற்றினார்கள்? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் செவித்திறன் குறைவும் தைராய்டு குறைபாடும் அதிகம். இரண்டுமே ஒருவரை மந்தமாகவும் ஒதுங்கியவராகவும் காட்டும். பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இருந்தும் சொல்லத் தெரியாதவர் தலையில் அடித்துக்கொள்ளலாம். வலிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துச் சீட்டையும் பாருங்கள்: மனநோய் மருந்துகள் சிலரைத் தூங்கவைக்கும், சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாமல் நடக்கவைக்கும், நீண்டகாலம் எடுத்தால் வாயிலும் கையிலும் தானாக அசைவுகளை உண்டாக்கும். அந்த அசைவை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

4. எதோடு ஒப்பிடுகிறோம்?

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

40 வயதுக்காரரை இன்னொரு 40 வயதுக்காரரோடு ஒப்பிட்டால், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள எல்லோருக்கும் ஆட்டிசம் இருப்பதுபோலத் தெரியும். பேச்சு குறைவு, நட்பு குறைவு, விளையாட்டு எளிமையானது. அதனால் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 தெளிவாகவே சொல்கிறது: இரண்டு நோயறிதலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால், அந்த நபரின் பொதுவான வளர்ச்சி நிலைக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாமோ, அதற்கும் கீழே அவருடைய சமூகத் தொடர்பு இருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் புரிந்துகொள்ளும் திறன் ஏறக்குறைய மூன்று வயதுக் குழந்தையின் அளவு. இருவருக்கும் வெளியே போக வேண்டும், கதவு பூட்டியிருக்கிறது. முதலாமவர் தன் செருப்பை எடுத்துவந்து உங்கள் முன் வைத்து, உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார், மறுபடி உங்கள் முகம். நீங்கள் சிரித்தால் அவரும் சிரிக்கிறார். இரண்டாமவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், உங்கள் கையைத் தாழ்ப்பாளின் மேல் வைக்கிறார். உங்கள் முகத்தின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. கதவு திறந்ததும் கையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அறிவுத்திறன் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். முதலாமவருக்கு நீங்கள் ஒரு மனிதர். அந்தக் கணத்தில் இரண்டாமவருக்கு நீங்கள் ஒரு சாவி. ஆட்டிசத்தைத் தேடும் கண் இந்த இடைவெளியைத்தான் தேட வேண்டும்.

ஆகவே முதலில் வளர்ச்சி நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அறிவுத்திறன் சோதனை முடிவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் வைன்லேண்ட் போன்ற அன்றாடத் திறன் அளவீடு ஒன்றை, அவரைக் கவனித்துக்கொள்பவரிடம் கேட்டு நிரப்பலாம். அதிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும்: உடை மாற்றுவது, சாப்பிடுவது போன்ற திறன்கள் ஓரளவு நன்றாக இருந்து, பழகும் திறன் மட்டும் கிடுகிடுவென்று கீழே இறங்கியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கை உதறுவதையும் உடம்பை ஆட்டுவதையும் மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அறிவுசார் குறைபாடு எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்கு இந்த அசைவுகள் ஆட்டிசம் இல்லாமலேயே வரும். பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் சமூகப் பக்கம்தான்: பிடித்ததை இன்னொருவருக்குக் காட்டிப் பகிர்வது, நீங்கள் பார்க்கும் திசையைத் தானும் பார்ப்பது, பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வது, பேச்சில்லாத குறையைச் சைகையால் நிரப்புவது. வளர்ச்சி நிலை ஒன்றரை, இரண்டு வயதுக்கும் கீழே இருந்தால் இந்தப் பிரிப்பு மிகவும் கடினம். அங்கே நிபுணரே தயங்குவார், தயங்கவும் வேண்டும்.

5. குழந்தைப் பருவத்தைத் தேடி எடுங்கள்

நாற்பது வயதில் ஆட்டிசம் புதிதாக வராது. சிறு வயதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் பெற்றோர் இருக்க மாட்டார்கள், அல்லது மிகவும் முதிர்ந்திருப்பார்கள். அக்கா, அண்ணன், சித்தி, பழைய ஆசிரியர், இல்லத்தில் ஆரம்பம் முதல் இருக்கும் சமையல்காரர் என்று யார் நினைவில் வைத்திருக்கிறார்களோ அவர்களிடம் போங்கள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "சின்ன வயதில் கண்ணைப் பார்த்துப் பேசுவாரா?" என்று கேட்டால் "பார்ப்பார்" என்றுதான் பதில் வரும். "நீங்கள் பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி என்ன செய்வார்?" என்று கேளுங்கள். "என் பையைப் பிடுங்கி ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பான், நான் வந்ததே அவனுக்குத் தெரியாது" என்று அக்கா சொல்லும்போது, உங்கள் படிவத்தில் எந்தக் கட்டமும் தராத தகவல் கிடைத்துவிடுகிறது. விழுந்து அடிபட்டால் யாரிடம் ஓடுவார்? விருந்தாளிகள் வந்தால்? பொம்மை கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வார்? பேசிய சொற்கள் பிறகு நின்றுபோனதா? பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்தால் நினைவு தானாக வரும்.

அந்த அக்காவிடம் மென்மையாக இருங்கள். "நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோமா?" என்று கேட்பார். அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதை அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

6. கருவியைத் தேர்ந்தெடுப்பது

குழந்தைகளுக்கும் சராசரி அறிவுத்திறன் உள்ள பெரியவர்களுக்கும் செய்த படிவங்களை இங்கே அப்படியே தூக்கிவர முடியாது. தானே படித்து நிரப்பும் ஏக்யூ-10 என்ற பத்துக் கேள்விப் படிவம் மிதமான, கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு உரியதல்ல. "மனவயது இரண்டுதானே" என்று 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் படிவத்தை 35 வயதுக்காரருக்குப் போடுகிறவர்களும் உண்டு; தயவுசெய்து வேண்டாம். 35 வருட வாழ்க்கை அனுபவம் உள்ளவர் கைக்குழந்தை அல்லர்.

இவர்களுக்கென்றே வடிவமைத்தவை சில உண்டு. ஜெர்மனியில் டான்யா சாப்போக் குழுவினர் உருவாக்கிய டிபாஸ்-ஆர்-இல் 19 கேள்விகள். அவரை நன்கு அறிந்த பராமரிப்பாளரே சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 29-ஐத் தொட்டால் மேல் பரிசோதனை. நெதர்லாந்தில் டிர்க் கிரைய்யர் உருவாக்கிய பிடிடி-எம்ஆர்எஸ் 12 அம்சங்கள் கொண்டது, பயிற்சி பெற்ற தொழில்முறையாளர் நிரப்புவது. அதில் 0 முதல் 6 வரை இல்லை, 7 முதல் 9 வரை சந்தேகம், 10 முதல் 19 வரை இருக்கக்கூடும். சந்தேகம் என்று நடுவில் ஓர் இடம் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அது நேர்மையான படிவம்.

எஸ்சிக்யூ எனப்படும் 40 கேள்விப் படிவத்தையும் பலர் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான வெட்டு மதிப்பெண் 15, அதாவது அதைத் தொட்டால் மேல் பரிசோதனை. அதன் வாழ்நாள் பதிப்பு நான்கு, ஐந்து வயதில் எப்படி இருந்தார் என்று நிறையக் கேட்கும், ஆகவே அந்த நினைவு உள்ள ஒருவர் கிடைத்தால்தான் அது பயன்படும். எந்தப் படிவமானாலும் முறையான மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி மொழிபெயர்த்துக் கேட்டால், மதிப்பெண் கேட்பவரைப் பொறுத்து மாறிவிடும்.

7. நிரப்பும்போது

நிரப்புகிறவர் அவரோடு மாதக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். முடிந்தால் இருவர் தனித்தனியே நிரப்பட்டும். ஒருவர் இல்லத்திலிருந்து, ஒருவர் பகல்நேர மையத்திலிருந்து. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைச் சண்டையாகப் பார்க்காமல் தகவலாகப் பாருங்கள். பகல் மையத்தில் சத்தம் அதிகமாக இருக்கலாம், இல்லத்தில் எதுவும் மாறாமல் இருக்கலாம்.

அவர் புதிய இடத்துக்கு மாறிய வாரத்திலோ, யாரையாவது இழந்த துக்கத்திலோ, மருந்து மாற்றிய உடனேயோ ஸ்கிரீனிங் வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் ஒன்று, பலர் விட்டுவிடுவது. அவரிடமே சொல்லுங்கள். படம் காட்டி, சைகையில், அவருக்குப் புரிகிற இரண்டு சொற்களில். "உங்களை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம்." சம்மதமா என்று முகத்திலும் உடம்பிலும் பாருங்கள். எழுந்து போனால் அதுவும் ஒரு பதில்தான், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

8. நீங்களே உட்கார்ந்து பாருங்கள்

குறைந்தது மூன்று சூழல்கள்: சாப்பாட்டு நேரம், வேலையோ செயல்பாடோ நடக்கும் நேரம், யாரும் எதுவும் சொல்லாத ஓய்வு நேரம். ஓய்வு நேரம்தான் அதிகம் சொல்லும். சின்னச் சின்ன வாய்ப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். பேனாவை அவர் எட்டும் இடத்தில் தவறவிட்டு, தேடுவதுபோல் கை நீட்டுங்கள். அவருக்குப் பிடித்த பொருளை இறுக்கி மூடிய டப்பாவில் கொடுங்கள்: திரும்பி உங்களைப் பார்க்கிறாரா, டப்பாவை நீட்டுகிறாரா, உங்கள் கையை மட்டும் இழுக்கிறாரா? மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்துங்கள். அவரும் தட்டி, உங்கள் முறைக்காகக் காத்திருந்தால் அது பெரிய செய்தி. இசை பேச்சில்லாதவர்களிடமும் வேலை செய்கிறது. அதனால்தான் மூசாட் என்ற மதிப்பீட்டுக் கருவி சேர்ந்து இசைக்கும் சூழலிலேயே நடத்தையைக் கவனிக்கிறது.

பார்த்ததை அப்படியே எழுதுங்கள். "சமூகத் தொடர்பு குறைவு" என்று எழுதுவதைவிட, "நான் அறைக்குள் வந்து 20 நிமிடம் அருகில் இருந்தேன், ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை, விளக்கை அணைத்ததும் எழுந்துவந்து என் கையைச் சுவிட்சில் வைத்தார்" என்பது அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருக்குப் பத்து மடங்கு உதவும்.

9. மதிப்பெண்ணைப் படிப்பது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பேர், அவர்களில் 30 பேருக்கு உண்மையில் ஆட்டிசம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் படிவம் இருப்பவர்களில் 80 விழுக்காட்டைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 விழுக்காட்டைச் சரியாக விடுவிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 24 பேர் சரியாகச் சிக்குவார்கள், 6 பேர் நழுவிவிடுவார்கள். இல்லாத 70 பேரில் 56 பேர் விடுபடுவார்கள், 14 பேர் தவறாகச் சிக்குவார்கள். ஆக சல்லடையில் நிற்கும் 38 பேரில் 14 பேருக்கு ஆட்டிசமே இல்லை.

இந்தக் கணக்கு புரிந்தால் இரண்டு தவறுகளைச் செய்ய மாட்டீர்கள். மதிப்பெண் கூடினால் முத்திரை குத்த மாட்டீர்கள். மதிப்பெண் குறைந்தாலும் உங்கள் கண்ணும் அக்காவின் கதையும் வேறு சொன்னால், அவரை மேல் பரிசோதனைக்கு அனுப்பத் தயங்க மாட்டீர்கள்.

10. ஆட்டிசம்போலத் தோன்றுபவை

எப்போதிலிருந்து என்ற கேள்விதான் பலவற்றைப் பிரித்துவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் நாற்பதுகளில் பழக்கத்தை விட்டு ஒதுங்கினால், பேச்சு குறைந்தால், முதலில் மறதிநோயையும் மனச்சோர்வையும் பாருங்கள். இவர்களுக்கு மறதிநோய் சீக்கிரமே வரும். அதேசமயம் "டவுன் என்றால் எல்லோரிடமும் பாசமாக இருப்பார்கள்" என்ற நம்பிக்கையால், சிறு வயதிலிருந்தே ஒதுங்கியிருந்த ஒருவரின் ஆட்டிசம் காணாமல் போவதும் உண்டு. ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாடு உள்ளவர்கள் கூச்சத்தாலும் பதற்றத்தாலும் கண்ணைத் தவிர்க்கலாம், ஆனால் உள்ளுக்குள் பழக ஆசை இருக்கும். ஆட்டிசமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள். டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்களிடம் ஆட்டிசம் மிகவும் அதிகம், அங்கே தேடாமல் விடவே கூடாது.

சிறு வயதிலிருந்து யாரும் தூக்கிக் கொஞ்சாமல் பெரிய நிறுவனங்களில் வளர்ந்தவர்களிடமும் ஆடுவதும் ஒதுங்குவதும் இருக்கும். நம்பிக்கையான ஒருவர் தொடர்ந்து அருகில் இருந்தால் சில மாதங்களில் அவர்கள் மலர்வதைப் பார்க்கலாம். அதைப் பார்க்க அவகாசம் கொடுங்கள். அசைவே குறைந்து, அதே நிலையில் உறைந்து நிற்பவரை உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்டடோனியாவாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

11. அனுப்புங்கள், ஆனால் உதவியை நிறுத்திவைக்காதீர்கள்

மேல் மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது படிவத்தோடு காது, கண் பரிசோதனை முடிவுகள், மருந்துப் பட்டியல், வளர்ச்சி நிலை, குழந்தைப் பருவக் குறிப்பு, நீங்கள் நேரில் பார்த்தது, இத்தனையும் போகட்டும். அங்கே ஏடாஸ்-2 என்ற நேரடிக் கவனிப்புக் கருவியோ ஏடிஐ-ஆர் என்ற 93 கேள்வி நேர்காணலோ பயன்படலாம். அவையும் வளர்ச்சி நிலை மிகக் குறைந்தவர்களிடம் தடுமாறும், ஆகவே உங்கள் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

சந்திப்புத் தேதி தூரத்தில் இருக்கும். அதுவரை படங்களால் ஆன நாள் அட்டவணை, குறைவான சத்தம், ஒரு நேரத்தில் ஒரு சொல், மாற்றத்துக்கு முன்னறிவிப்பு, இவற்றுக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆட்டிசம் இல்லை என்றே முடிவு வந்தாலும் இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களுக்காக மனநோய் மருந்து கொடுக்கக் கூடாது என்பதே நைஸ் வழிகாட்டுதலும். மருந்து கூட்டப்பட்டிருந்தால் அதை மறுபரிசீலனை செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, அடுத்து பணிக்கு வருகிறவர் கண்ணில் படுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்: "ஜன்னலோர நாற்காலி இவருடையது. நகர்த்த வேண்டியிருந்தால் முந்தைய நாளே படம் காட்டிச் சொல்லவும். கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும்."